இருக்கிற இடம் தெரியாத பிள்ளை

எனக்கு இந்த வேலை கிடைத்ததே நான் பேசாததால்தான். நேர்முகத் தேர்வில் மொத்தம் ஆறு சொற்கள் பேசினேன். மூன்று முறை 'சரிங்க சார்.' இயக்குநர் செங்கோட்டுவேல், "இந்த மாதிரி ஆள்தான் வேணும்" என்றார். குழந்தைகள் படம் பார்க்கும் அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேலை. இருமல்கூட வரக்கூடாது.

கோவை அவிநாசி சாலையில் இருக்கிறது எங்கள் குழந்தைகள் காட்சி அளவை மையம். இங்கே கார்ட்டூன்களுக்கு மதிப்பெண் போடுகிறோம். ஐந்து வயதுக் குழந்தையின் தலையில் ஒரு துணிப்பட்டையைக் கட்டிவிடுவோம். கண் எங்கே நிற்கிறது, இமை எத்தனை முறை மூடுகிறது, நாடித் துடிப்பு, மூச்சு, உடம்பின் அசைவு, வாயிலிருந்து வரும் பேச்சு, எல்லாவற்றையும் அது பதியும். அரை மணி நேரத்தில் நூற்றுக்கு இத்தனை என்று எண் வந்துவிடும். நாற்பதுக்குக் கீழே வாங்கிய கார்ட்டூன் எந்தத் திரையிலும் ஓடக் கூடாது. பன்னிரண்டு வருடமாக அதுதான் சட்டம்.

இந்த வருடம் இன்னொன்றும் சேர்ந்தது. ஆறு பத்தாண்டுகளில் தமிழில் ஓடிய எல்லாக் கார்ட்டூன்களையும் ஒப்பிட்டு, நல்லது நூறு, கெட்டது நூறு என்று பட்டியல் போடச் சொன்னார்கள். நல்ல நூறு பள்ளிகளுக்குப் போகும். கெட்ட நூறை ஆவணக் கிடங்கிலிருந்தே அழித்துவிட வேண்டும். கடைசிப் பிரதி உட்பட. 'யாரும் பார்க்கக் கூடாததை எதற்குப் பாதுகாக்க வேண்டும்?' என்று சுற்றறிக்கை கேட்டது.

அந்தக் கெட்ட நூறையும் ஒருவர் பார்த்து, ஒவ்வொன்றோடும் ஒப்பீட்டு வரைபடம் இணைத்து, கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் நான். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அழிப்பு.

ஒப்பிட வேண்டும் என்பதால் நல்லதையும் பார்த்தேன். முதலிடம் 'மெல்லொளித் தோட்டம்.' இப்போது வீட்டுக்கு வீடு ஓடுவது. தொண்ணூற்றேழு. ஒரு பூ விரியும். கண் நகரப் போகும் நேரத்தில் அடுத்த பூ விரியும். அதில் யாரும் விழுவதில்லை, சண்டை போடுவதில்லை, எதையும் கேட்பதில்லை. மூன்று மணி நேரம் பார்த்தேன். முடிந்த பிறகு எனக்கு ஒன்றும் நினைவில் நிற்கவில்லை.

அதே நல்ல நூறில் அறுபத்து மூன்றாம் இடம் 'ஐந்து முட்டை.' 2016. கைப்பேசிக்காக எடுத்தது. ஒரு முட்டை உடையும், நிறம் கொட்டும், யாரோ அலறுவார்கள். மறுபடி முட்டை. பதினோரு நிமிடத்தில் அறுபத்து நான்கு முட்டைகள். எனக்குக் கண் வலித்தது. அதன் மதிப்பெண் எண்பத்தொன்று.

கெட்ட நூறில் 'உப்புக் கிணறு' இருந்தது. 2011. ஒரு ஊரில் கிணற்றுத் தண்ணீர் திடீரென்று உப்புக் கரிக்கிறது. ஒரு சிறுமி ஒவ்வொரு கிணறாகப் போய் ருசி பார்த்துக் காரணம் தேடுகிறாள். பத்தொன்பது மதிப்பெண். சோதனைக் குறிப்பைப் படித்தேன். 'எட்டாவது நிமிடத்தில் இருபது குழந்தைகளில் பதினான்கு பேர் எழுந்துபோய் உப்பும் தண்ணீரும் கேட்டனர். கவனம் முற்றிலும் சிதறியது.'

அந்தக் குறிப்பை மூன்று முறை படித்தேன்.

ஷம்சுதீன் அண்ணாதான் அறையை இயக்குபவர். பட்டை கட்டுவது, அழுகிற குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது எல்லாம் அவர். செவ்வாய்க்கிழமை டீ குடிக்கும்போது அவரிடம் கேட்டேன்.

"அண்ணா, நூறு மார்க்குன்னா என்னங்க?"

"ஏன் அம்மிணி, ரெண்டு வருசமா இங்க இருந்துட்டு இப்பத்தான் கேக்கறியா?"

"முன்னாடி கேக்கத் தோணலைங்க."

"மு-1 மாதிரியே ஒரு கொழந்தை இருந்துச்சுன்னா நூறு. ஆரம்பத்துல சார் இருநூறு கொழந்தைகளை உக்கார வெச்சுப் பாத்தாராம். அத்தனையும் ஆடுச்சு, அழுதுச்சு, மூக்கை நோண்டுச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் நாலு மணி நேரம் செலை மாதிரி உக்காந்துச்சு. கண்ணு தெரையை விட்டு வெலகவே இல்ல. இதாண்டா முழுக் கவனம்னு அதையே அளவுகோலா வெச்சுட்டாரு."

"மு-1னா?"

"முதல் கொழந்தை. பேரெல்லாம் யாருக்குத் தெரியும்? அதுக்கு எவ்வளவு பக்கத்துல வருதோ அவ்வளவு மார்க்கு."

"அது என்ன படம் பாத்துச்சுங்க?"

"அதையா பாத்தாங்க? உக்காந்ததைத்தான் பாத்தாங்க." அண்ணா டம்ளரைக் கழுவினார். "எம்பொண்ணு ரிஸ்வானாவும் அப்பிடித்தான். தோட்டத்தைப் போட்டு உட்டா இருக்கற எடமே தெரியாது. அஞ்சு வயசாகுது, நாளைக்குப் பத்து வார்த்தை பேசுனா அதிகம். ஒறம்பரை வந்தா எல்லாரும் சொல்லுவாங்க, தங்கமான புள்ளைன்னு."

சிரித்தார். சிரிப்பு முழுதாக வரவில்லை.

இருக்கிற இடம் தெரியாது. என் வாழ்க்கையில் நான் அதிகம் வாங்கிய பாராட்டும் அதுதான். கல்யாண வீடுகளில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். நான் தூணோடு தூணாக நிற்பேன்.

புதன்கிழமை பட்டியலின் கடைசிக்கு வந்தேன். ஆறு பத்தாண்டுகளிலேயே மிக மோசமான கார்ட்டூன். 'குடைக்கரடி.' 2003. நான்கு மதிப்பெண்.

அதன் கதை கோப்பில் இருந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டுப் படம். ஒரு ஆடு, ஒரு கொக்கு, குடை வைத்திருக்கும் ஒரு கரடி. மூன்று பேரும் சேர்ந்து எங்காவது போவார்கள், எதிலாவது மாட்டுவார்கள். சென்னையில் தமிழ்க் குரல் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பகுதிகள் முடிந்ததும் கரடிக்குக் குரல் கொடுத்தவர் வரவில்லை. ஏன் என்று கோப்பில் இல்லை. ஒளிபரப்புத் தேதி காத்திருக்காது. இருந்தபடியே அனுப்பிவிட்டார்கள். மீதிப் பத்துப் பகுதிகளில் கரடி வாயை அசைக்கும், குடையை ஆட்டும். சத்தம் வராது. மற்ற இருவரும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

புதிதாக ஒரு குழந்தையை உட்கார வைத்து வரைபடம் எடுக்க வேண்டும். வர வேண்டிய குழந்தைக்குக் காய்ச்சல். அன்று பள்ளி விடுமுறை. ரிஸ்வானா அவள் அத்தாவோடு வந்திருந்தாள். சுவரோரம் நின்றாள்.

"இவளை உக்கார வெக்கலாங்களா அண்ணா?"

"தாராளமா. ஆனா பாத்துக்க அம்மிணி, இவ உக்கார்ற உக்காருக்குக் கரடி பாஸாயிரும்."

பட்டையைக் கட்டினோம். நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம். படம் ஓடியது.

ஆடு ஏதோ கேட்டது. கரடி வாயசைத்தது. அமைதி. ரிஸ்வானா திரும்பிப் பார்த்தாள். படம் கெட்டுவிட்டதென்று நினைத்திருப்பாள். இரண்டாவது அமைதியில் அவள் உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

மூன்றாவதில் ஆடு சொன்னது: "ஆற்றில் தண்ணீரே இல்லையே! இப்போது என்ன செய்வது?"

கரடி குடையை ஊன்றி வாயைத் திறந்தது.

"எனக்குப் பசிக்குது," என்றாள் ரிஸ்வானா, தொண்டையைத் தடிமனாக்கிக்கொண்டு. "மொதல்ல தோசை."

"ஐயய்யோ, அப்படியா!" என்று கொக்கு மல்லாந்து விழுந்தது.

ரிஸ்வானா நாற்காலியில் துள்ளினாள். கொக்கு அவளுக்குப் பதில் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. தண்ணீர் எங்கே போனதென்று ஆடு கேட்டபோது, "எங்க அத்தா கொறட்டை உட்டாங்க, அதுல உறிஞ்சிப் போயிருச்சு" என்றாள். இருபதாவது நிமிடம் நாற்காலிமேல் ஏறி நின்றாள். பட்டை தரையில் கிடந்தது. நான்கு, மூன்று, இரண்டு என்று மதிப்பெண் இறங்கியது. பழைய மோசமான எண்ணையும் அவள் உடைத்துவிட்டாள்.

ஷம்சு அண்ணா கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். குறட்டைக்குக்கூட அவர் சிரிக்கவில்லை.

"இத்தனையும் எங்க வெச்சிருந்தா இவ?" என்றார்.

ரிஸ்வானா வெளியே ஓடி வந்தாள். "அத்தா, நாளைக்கும் கரடி வருமா?"

அவர் என்னைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பத்தரை மணி எங்கள் இருவருக்கும் தெரியும்.

"தெரியல கண்ணு," என்றேன். அது பொய்.

அன்று மதியம் மு-1 கோப்பைத் திறந்தேன். ஒப்பீட்டு வரைபடம் இணைப்பவருக்கு அந்த அனுமதி உண்டு. பொதுவாக எண்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். உள்ளே ஒரு காணொளியும் இருந்தது. நாலு மணி நேரம் பத்து நிமிடம் ஓடக்கூடியது.

ஆறு வயதுப் பெண். தலையில் துணிப்பட்டை. பச்சைக் கட்டம் போட்ட கவுன். இரட்டைச் சடையில் ஒன்றில் மட்டும் ரிப்பன். கைகள் இரண்டும் தொடைக்கு அடியில். இடது புருவத்தில் தழும்பு.

என் கை தானாகப் புருவத்துக்குப் போனது.

அம்மா அப்போது பல்கலைக்கழகக் கட்டடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தாள். பள்ளி விடுமுறை நாட்களில் என்னையும் கூட்டிப்போவாள். அன்று ஒரு அறையில் உட்கார வைத்துவிட்டு, "ஆடாம அசங்காம உக்காந்திரு கண்ணு. சாருக்குத் தொந்தரவு குடுக்காத. அம்மா இதா வந்தர்றேன்" என்று போனாள். பத்து நிமிடத்தில் எனக்கு ஒண்ணுக்கு வந்தது. யாரிடம் கேட்பது? அறையில் இருந்தவர் முகமறியாத ஆள். அசைந்தால் வந்துவிடும். மூச்சை இழுத்து விட்டால் வந்துவிடும். எதிரே வெளிச்சமாக ஏதோ ஓடியது. அதில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டேன். என்ன படம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வரைபடத்தைப் பார்த்தேன். கண் அசையவில்லை. மூச்சு மேலோட்டமாக இருந்தது. நாடித் துடிப்பு சற்று அதிகம். ஓரத்தில் ஒரு குறிப்பு: 'ஆழ்ந்த ஈடுபாடு.'

நான் படித்தது இயற்பியல். அளவுகோலே கோணலாக இருந்தால் அளந்ததெல்லாம் கோணல் என்பது முதல் வருடப் பாடம். பக்கத்திலேயே தோட்டத்தின் வரைபடத்தை வைத்தேன். ஒன்றுபோலவே இருந்தது. ஊரில் உள்ள குழந்தைகள் எல்லாரும் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மாவை அழைத்தேன்.

"ஆமா கண்ணு, அது நீதான்," என்றாள். குரலில் அன்றைய பெருமை இன்னும் இருந்தது. "அந்த சாரு வந்து, உங்க பொண்ணு இருக்கற எடமே தெரியலைங்கன்னு அப்பிடிப் புகழ்ந்தாரு. ஒரு காயிதத்துல கையெழுத்துக் கேட்டாரு, போட்டேன். ஏன், இப்ப என்ன?"

"அன்னைக்கி வீட்டுக்கு வர்றப்ப என்னாச்சும்மா?"

"பஸ் ஸ்டாப்புலயே கவுனெல்லாம் நனைச்சுட்ட. முதுகுல ரெண்டு வெச்சேன். பெரிய புள்ளை, கேக்கத் தெரியாதான்னு."

"சரிம்மா."

அம்மா கையெழுத்துப் போட்ட காகிதமும் கோப்பில் இருந்தது. நான்கு பக்கம், பொடி எழுத்து. வியாழக்கிழமை முழுவதும் அதைப் படித்தேன். ஏழாவது பிரிவு இருந்த கடைசித் தாளை இரு பக்கமும் பிரதி எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். பதினோரு பேர். திரையில் நூறு பெயர்கள், எதிரே மதிப்பெண்கள். நான் மடித்து மடித்துப் பிடித்திருந்த காகிதம் ஓரத்தில் நைந்துபோனது.

"என்ன நறுமுகை, எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டாச்சா?" என்றார் சார்.

"இல்லைங்க சார்."

இரண்டு வருடத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் 'இல்லை' அது. காது கேட்கவில்லை என்பதுபோல் பார்த்தார்.

"மார்க்கு தப்புங்க சார். அளவுகோலே தப்பு."

யாரோ நாற்காலியை இழுத்தார்கள். சார் கோபப்படவில்லை. அவர் கத்துகிறவர் இல்லை. "உக்காரும்மா. நான் இதை ஆரம்பிச்சப்பக் கொழந்தைங்க முன்னாடி என்ன ஓடிட்டு இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? முட்டை. ஒடைஞ்சு ஒடைஞ்சு அலறும். என் அக்கா பையன் அதைப் பாத்துட்டு ராத்திரியெல்லாம் தூங்கமாட்டான். அதை ஒழிக்கத்தான் நான் இதைச் செஞ்சேன்."

"அந்த முட்டை இப்ப நல்ல நூறுலதான் இருக்குதுங்க சார். அறுபத்தி மூணாவது எடம். திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகுது."

அவர் நம்பவில்லை. பக்கத்திலிருந்தவர் பட்டியலைப் புரட்டினார். பிறகு ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"அப்பிடின்னா அதுல ஏதோ பிழை. சரி பண்ணிக்கலாம். அளவுகோல் தப்புன்னு எப்பிடிச் சொல்ற?"

"மு-1 நான்தானுங்க சார்."

நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்தது.

"பெருக்கற அம்மா கூட வந்த பொண்ணு. நான் கவனிக்கலைங்க சார். எனக்கு ஒண்ணுக்கு வந்துச்சு. கேக்கப் பயமா இருந்துச்சு. அடக்கிட்டு உக்காந்திருந்தேன். நாலு மணி நேரம்."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். முகம் எரிந்தது. நான் உட்காரவில்லை.

சார் என் புருவத்தைப் பார்த்தார். அவருக்கு நினைவு வந்துவிட்டது என்பதைக் கண்டேன். ஆனால் இருபது வருடம் அவ்வளவு எளிதில் கையை விட்டுப் போகாது.

"இருபது வருஷ வேலை," என்றார். "ஒரு கொழந்தையோட மூத்திரத்தை வெச்சு இதையெல்லாம் தூக்கிப் போடச் சொல்றியா?"

"அதை வெச்சுத்தானுங்க சார் பன்னெண்டு வருஷமா மார்க்குப் போட்டுட்டு இருக்கோம்."

மணி பத்து இருபத்திரண்டு.

"சரி," என்றார். "அடுத்த வாரம் ஒரு குழு போட்டுப் பேசுவோம். ஆனா இன்னைக்கி அழிப்பு நிக்காது, மேலிடத்து உத்தரவு. நீ போடலைன்னா வேற ஒருத்தர் கையெழுத்துப் போடுவாங்க."

நான் காகிதத்தை மேசையில் வைத்தேன். ஏழாவது பிரிவு. 'ஆய்வில் பங்கேற்ற குழந்தை பதினெட்டு வயது நிறைந்த பின், காரணம் கூறாமலே, தன் பதிவுகளை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அக்கணம் முதல் அப்பதிவுகளையும் அவற்றிலிருந்து பெறப்பட்ட எதையும் எவரும் பயன்படுத்தலாகாது.'

"யாரு இப்பிடியெல்லாம் எழுதி வெச்சது?" என்று ஒருவர் சீறினார்.

சார் பக்கத்தைத் திருப்பினார். அடியில் கையெழுத்து இருந்தது. அதை நெடுநேரம் பார்த்தார்.

"நான்தான்," என்றார். "அப்ப எனக்கு இருபத்தெட்டு வயசு. கொழந்தைங்க எடத்துல இருந்து யோசிக்கோணும்னு ஒரு வெறி." பிறகு தாழ்ந்த குரலில், "வேலை போயிரும், நறுமுகை" என்றார்.

"சரிங்க சார்."

கூட்ட அறைக் கணினியில் மு-1 கோப்பைத் திறந்து என் பெயரை அடித்தேன். அம்மா பெயர், பிறந்த தேதி. 'திரும்பப் பெறுகிறேன்' என்ற கட்டத்தைத் தொட்டேன். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் எண்கள் கீழிருந்து மேலாக மறையத் தொடங்கின. கரடியின் நான்கு போனது. கிணற்றின் பத்தொன்பது போனது. அடுத்த பட்டியலில் முட்டையின் எண்பத்தொன்று, தோட்டத்தின் தொண்ணூற்றேழு. பெயர்கள் மட்டும் நின்றன. எதிரே ஒரு சின்னக் கோடு.

குறைந்த மதிப்பெண் வாங்கிய நூறை அழிக்கச் சொல்கிறது உத்தரவு. ஒன்றுமே வாங்காததை என்ன செய்வது என்று அதில் இல்லை.

பத்தரை ஆனது. பத்து முப்பத்தொன்று ஆனது. ஒருவரும் எதையும் அழிக்கவில்லை.

அப்போது கதவு படாரென்று திறந்தது. கரடியைப் பார்க்க அன்றும் அத்தாவோடு வந்திருந்த ரிஸ்வானா. பின்னாலேயே ஷம்சு அண்ணா, அவளைப் பிடிக்கக் கையை நீட்டியபடி. பதினோரு பேரும் திரும்பினார்கள். அவள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு கரடிக் குரலில், கட்டடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்கு ஒண்ணுக்கு வருது!"

"ஸ்ஸ்... மீட்டிங் நடக்குது பாப்பா," என்று அண்ணா பதறினார்.

"வா, போலாம்," என்றேன் நான். அந்த அறையில் அதுவரை யாரும் பேசியதைவிடச் சத்தமாக.

"எடது பக்கம், கடைசி ரூம்," என்றார் சார், காகிதத்திலிருந்து தலையை உயர்த்தாமல்.